வோல்ட்டும் ஆம்பியரும் சரி, விடை மட்டும் ஏன் இடிக்கிறது?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். பள்ளியில் படித்த இந்த இரண்டு வரிக்கு மேல் வீட்டு மின்சாரக் கணக்குக்குப் பெரிதாக எதுவும் தேவைப்படாது. ஆனாலும் மல்டிமீட்டர் வாங்கிய முதல் வாரத்திலேயே பலருக்குக் கணக்கு இடிக்க ஆரம்பித்துவிடும். ஹீட்டரில் 2000 வாட் என்று அச்சடித்திருக்கும், பெருக்கிப் பார்த்தால் 1400 வரும். பல்பின் தடையை அளந்தால் வர வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. உடனே மீட்டர் மட்டம் என்று தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

மீட்டர் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இடிப்பது வேறு இடம். எந்தப் பொருளின் தடை வேண்டுமோ, அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட் வேண்டும். அதே பொருளுக்குள் ஓடும் ஆம்பியர் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பல இந்த மூன்றில் ஒன்று தவறியதால் வருபவைதான்.

இந்த விதிக்குத் தன் பெயரைக் கொடுத்த ஜெர்மானியர் கியோர்க் சைமன் ஓமுக்கே இதே தொல்லை இருந்தது. 1820களில் அவர் பயன்படுத்திய வேதி மின்கலத்தின் ஓட்டம், அளக்க அளக்க இறங்கிக்கொண்டே போனது. ஒரு கம்பியை அளந்துவிட்டு அடுத்த கம்பிக்குப் போவதற்குள் மின்கலமே மாறியிருக்கும். பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இணைக்கு (இரு சந்திகளின் வெப்ப வேறுபாட்டால் மின்சாரம் தருவது) மாறி, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்த பிறகுதான் எண்கள் ஒழுங்குக்கு வந்தன. 1827இல் விதி புத்தகமாக வெளிவந்தது.

ஆரம்பிக்கும் முன் இரண்டு எச்சரிக்கை. ஓம் அளக்கும்போது பொருளின் பிளக் சுவரில் இருக்கவே கூடாது. மல்டிமீட்டரின் சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் சொருகியிருக்கும்போது ப்ரோப்பை வீட்டு பிளக் பாயிண்டில் வைக்கவே கூடாது. ஆம்பியர் அளக்கும் மீட்டருக்கு உள்தடை ஏறக்குறைய கிடையாது, அது நேரடி ஷார்ட் சர்க்யூட். 230 வோல்ட்டில் ஆம்பியர் பார்க்க, ஒயரை வெளியிலிருந்தே தாடையால் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றுதான் பாதுகாப்பான வழி.

விடை ஆயிரம் மடங்கு கூடவோ குறையவோ வருகிறது

மில்லியும் கிலோவும்தான். 12 வோல்ட்டை 20 மில்லி ஆம்பியரால் வகுக்கும்போது 12 ÷ 20 என்று போட்டால் 0.6 வரும், உண்மையில் 600 ஓம். தானாகவே ரேஞ்ச் மாற்றும் மீட்டர்களில் திரையின் ஓரத்தில் சின்னதாகத் தெரியும் அந்த எழுத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதிக்கொள்வது வழக்கமான காரணம். அடுத்த கோளாறுக்குப் போகலாம்.

ஓம் அளந்தால் 'ஓஎல்' என்றே காட்டுகிறது

சுற்று எங்கோ திறந்திருக்கிறது என்று அர்த்தம். எலிமென்ட் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அயர்ன் பாக்ஸின் திருகு கடைசி வரை குறைவாக இருந்தால் உள்ளே சுவிட்ச் திறந்தே இருக்கும். கீசரில் தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்தாலும் அப்படித்தான். திருகைக் கூட்டி, தண்ணீர் ஆறிய பிறகு பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் முள்களுக்கு இடையே மறுபடி அளக்கவும். 2000 வாட் கீசரில் 26 ஓம் அக்கம்பக்கம், 1000 வாட் அயர்ன் பாக்ஸில் 52 ஓம் அக்கம்பக்கம் வந்தால் எலிமென்ட் உயிரோடு இருக்கிறது.

எண் வருகிறது, ஆனால் ஆடிக்கொண்டே இருக்கிறது என்றால், ப்ரோப்பின் உலோக முனையை விரலால் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கிலோ ஓம், மெகா ஓம் அளவில் உங்கள் உடலின் தடையும் பக்க இணைப்பாகச் சேர்ந்துவிடும். மிகச் சிறிய தடையில் சிக்கல் தலைகீழ். இரண்டு ப்ரோப்பையும் ஒன்றோடு ஒன்று தொட்டால் மீட்டர் 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும். அது ஒயரின் தடை, கழித்துவிடுங்கள்.

குண்டு பல்பின் தடை கணக்கோடு ஒட்டவே இல்லை

230 வோல்ட், 100 வாட் பல்ப். 230 × 230 ÷ 100 = 529 ஓம் வர வேண்டும். கழற்றி அளந்தால் 40 ஓமுக்குள்தான் வரும். பல்பும் நல்ல பல்ப்தான்.

529 என்பது எரியும்போது உள்ள தடை. டங்ஸ்டன் இழை இரண்டாயிரத்து ஐந்நூறு டிகிரிக்கு மேல் காய்ந்திருக்கும்போது அதன் தடை குளிர்ந்த நிலையைப் போலப் பதின்மூன்று, பதினைந்து மடங்கு ஆகிவிடுகிறது. நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. வோல்ட் ஒரு நேரத்தது, ஓம் இன்னொரு நேரத்தது. சுவிட்ச் போட்ட கணத்தில் இந்த பல்ப் ஆறு ஆம்பியர்வரை இழுத்துவிட்டு உடனே அரை ஆம்பியருக்குக் கீழே இறங்கிவிடும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே பட்டென்று போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே சோதனையை ஹீட்டரிலோ அயர்ன் பாக்ஸிலோ செய்தால் இவ்வளவு வித்தியாசம் வராது. அவற்றில் இருப்பது நிக்ரோம். சூடேறினாலும் அதன் தடை சில சதவீதம்தான் கூடும். அதனால்தான் கீசரைக் குளிர்ந்த நிலையில் அளந்த ஓமை நம்பிக் கணக்குப் போடலாம், பல்பில் போட முடியாது.

கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது

முழு பவர் கார்டையும் கவ்வியிருப்பீர்கள். உள்ளே ஃபேஸில் போகும் ஓட்டமும் நியூட்ரலில் திரும்பும் ஓட்டமும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் மிச்சம் பூஜ்யம். ஒரே ஒரு ஒயரைத்தான் கவ்வ வேண்டும். ஒரு 16 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, ஒரு முழம் நீளத்துக்கு மூன்று ஒயரும் தனித்தனியாக, இன்சுலேஷன் குறையாமல் வெளியே தெரிகிற மாதிரி செய்து வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும். அந்த பாக்ஸில் இரண்டு சாக்கெட் இருக்கட்டும். ஒன்றில் லோடு, இன்னொன்றில் வோல்ட் அளக்கும் ப்ரோப். இரண்டு அளவும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைத்துவிடும்.

ஓட்டம் மிகக் குறைவாக இருந்து மீட்டர் 0.0 என்றே நிற்கிறதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒயரைக் கிளாம்ப் தாடைக்குள் பத்து சுற்று சுற்றுங்கள். வரும் எண்ணைப் பத்தால் வகுத்தால் போதும்.

சுவிட்ச் அணைத்த ஒயரில் எண்பது, தொண்ணூறு வோல்ட் காட்டுகிறது

டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். பக்கத்தில் ஓடும் ஃபேஸ் ஒயரிலிருந்து காற்று வழியாகக் கசியும் துளியூண்டு ஓட்டமே அதில் பெரிய வோல்ட்டாகத் தெரியும். அதே இரண்டு முனையில் ஒரு குண்டு பல்பை ஹோல்டரோடு இணைத்து அளந்தால், கசிவாக இருந்தால் பூஜ்யத்துக்கு விழும். விழாமல் நின்றால் அது நிஜமான மின்சாரம். சுவிட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறதா என்று ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். எது என்று தெரியும்வரை அந்த ஒயரைத் தொட வேண்டாம்.

கீசர் முன்பு போல் சூடேறுவதில்லை, எலிமென்ட் நன்றாக இருக்கிறது

26.45 ஓம் என்பது 2000 வாட் கீசருக்கு 230 வோல்ட்டில் வரும் கணக்கு. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் கடைசி வீடுகளில், பம்பு செட்டுகள் ஓடும் நேரத்தில், 190 வோல்ட் என்பது அதிசயமில்லை. 230இல் 190 என்பது 83 சதவீதம், அதனால் திறனும் 83 சதவீதம் இருக்கும் என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பிழை. தடை மாறவில்லை, வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறையும். இரண்டும் பெருக்கப்படுவதால் 190 × 190 ÷ 26.45 = 1365 வாட். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 2000 வாட்டில் சுமார் 17 நிமிடம் ஆகும். 1365 வாட்டில் 24 நிமிடத்துக்கு மேல். 'முன்பு போல் இல்லை' என்று வீட்டில் சொல்வது இந்த ஏழு எட்டு நிமிடத்தைத்தான்.

கிளாம்ப் மீட்டர் இல்லாதவர்கள் வீட்டு மின்சார மீட்டரையே பயன்படுத்தலாம். அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சடித்திருக்கும். 3200 என்றும் 1600 என்றும் பார்க்கலாம். 3200 என்றால், ஒரு நிமிடத்தில் விழும் ஒவ்வொரு சிமிட்டலும் 18.75 வாட். கீசரைத் தவிர மற்ற எல்லாவற்றையும், ஃபிரிட்ஜ் உட்பட, அணைத்துவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 107 சிமிட்டல் வந்தால் 2000 வாட் சரியாக ஓடுகிறது. 73 வந்தால் மேலே சொன்ன 1365. பிரித்துப் பார்க்காமலே எலிமென்டில் குற்றமில்லை என்று தெரிந்துவிடும். 1600 என்றால் ஒரு சிமிட்டலுக்கு 37.5 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக் சுடுகிறது, சாக்கெட் பழுப்பேறிவிட்டது

கணக்கு நிஜமாகவே வீட்டைக் காப்பாற்றும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முன்பு சொன்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுங்கள். கீசர் அணைந்திருக்கும்போது 226 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். சுவிட்ச் போட்டதும் 214க்கு இறங்குகிறது, கிளாம்ப் 8.1 ஆம்பியர் காட்டுகிறது. பலர் இங்கே 226ஐயும் 8.1ஐயும் எடுத்துக்கொண்டு தடை 27.9 ஓம், திறன் 1830 வாட் என்று எழுதிவிடுவார்கள். 226 என்பது கீசருக்குள் ஓட்டமே இல்லாதபோது இருந்த வோல்ட். ஓடும்போது கீசருக்குக் கிடைப்பது 214தான். 214 ÷ 8.1 = 26.4 ஓம், 214 × 8.1 = 1733 வாட். தடை அச்சில் உள்ளதோடு ஒத்துப்போகிறது பாருங்கள்.

சரி, காணாமல்போன 12 வோல்ட்? அது வழியில் உள்ள தடைகள் மேல் விழுந்திருக்கிறது. 12 × 8.1, அதாவது 97 வாட், தண்ணீருக்குப் போகாமல் எங்கோ சூடாகிக்கொண்டிருக்கிறது. தெருக் கம்பி முழுக்கப் பரவியிருந்தால் கவலையில்லை. ஒரே இடத்தில் குவிந்திருந்தால் பிளாஸ்டிக் உருகும். எங்கே என்று தேட வேண்டும்.

மெயின் போர்டை ஒட்டி இருக்கும் ஒரு பிளக் பாயிண்டில் வோல்ட் பார்த்துக்கொண்டே, இன்னொருவரைக் கீசர் சுவிட்சைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். அங்கே 226 வெறும் 223க்குத்தான் இறங்கினால், வெளி லைனில் விழுவது 3 வோல்ட். மிச்சம் 9 வோல்ட் வீட்டுக்குள். மெயின் போர்டிலிருந்து பாத்ரூம்வரை 15 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால், போய்வர 30 மீட்டர். இந்த ஒயருக்கு ஆயிரம் மீட்டருக்கு 12 ஓம் சொச்சம், ஆக 0.36 ஓம். 8.1 ஆம்பியரில் அது சாப்பிடுவது 3 வோல்ட். இன்னும் 6 வோல்ட் பாக்கி. ஒயரில் இல்லை என்றால் அது ஏதோ ஒரு இணைப்பில்தான் இருக்க வேண்டும்: சுவிட்சின் உள்ளே, சாக்கெட்டின் தளர்ந்த பித்தளை இதழில், இல்லை ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்டில்.

6 × 8.1 = 49 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான். இரண்டு சால்டரிங் அயர்ன் உங்கள் சுவிட்ச் போர்டுக்குள் எரிந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் இன்னொரு குழப்பமும் வரும். ஹீட்டரில் தடை குறைந்தால் வாட் கூடும்: 52 ஓம் அயர்ன் பாக்ஸ் 1000 வாட், 26 ஓம் கீசர் 2000 வாட். இணைப்பில் தடை கூடினால் சூடு கூடும் என்கிறோம். எது உண்மை? இரண்டும்தான். ஹீட்டரின் இரு முனையிலும் வோல்ட் கிட்டத்தட்ட நிலையாக இருக்கிறது, அதனால் வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையால் வகுக்கிறோம். இணைப்பிலோ, ஓட்டத்தை முடிவு செய்வது ஹீட்டரின் 26 ஓம், இணைப்பின் 0.74 ஓம் அதைப் பெரிதாக மாற்றாது. ஆம்பியர் நிலையாக இருப்பதால் ஆம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும். ஜூல் 1841இல் வெளியிட்ட விதி இது. எந்தச் சூத்திரம் என்று தடுமாறினால், இந்தப் பொருளுக்கு எது மாறாமல் இருக்கிறது, வோல்ட்டா ஆம்பியரா என்று கேட்டுப் பாருங்கள்.

தீர்வுக்குக் கணக்கு வேண்டியதில்லை. மெயினை அணைத்துவிட்டு, நிறம் மாறிய சாக்கெட்டை மாற்ற வேண்டும். கருகிய ஒயர் முனையை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, திருகில் புதிதாக இறுக்க வேண்டும். கீசரின் தடித்த பிளக்கை 6 ஆம்பியர் பாயிண்டில் சொருகுவதற்காக நடுவில் வைத்திருக்கும் கன்வெர்ஷன் பிளக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, 16 ஆம்பியர் பாயிண்ட் போடச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கன்வெர்ஷன் பிளக்கை ஹீட்டர் பக்கமே கொண்டுவரக் கூடாது.

ஒரு ஹெச்.பி. மோட்டார் கணக்குக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் இழுக்கிறது

746 ÷ 230 = 3.2 ஆம்பியர், கிளாம்ப்பில் 6.7 ஆம்பியர். மோட்டார் கெட்டுவிட்டதா? இல்லை. ஒரு ஹெச்.பி. என்பது தண்டில் வெளிவரும் திறன். உள்ளே போவது அதைவிட அதிகம். சிறிய சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் செயல்திறன் 60 சதவீதம், பவர் ஃபேக்டர் (வோல்ட் × ஆம்பியரில் நிஜமாக வாட்டாகும் பங்கு) 0.8 என்று வைத்தால் 746 ÷ (230 × 0.6 × 0.8), சுமார் 6.8 ஆம்பியர். சரியாக வந்துவிட்டது. மாறுதிசை மின்சாரத்தில் சுருள் உள்ள எதற்கும் வோல்ட் × ஆம்பியர் என்பது வாட் அல்ல, பவர் ஃபேக்டராலும் பெருக்க வேண்டும்.

அதே மோட்டாரின் சுருளை மல்டிமீட்டரில் அளந்து, மூன்று ஓம் வந்ததால் 230 ÷ 3 = 77 ஆம்பியர் ஓட வேண்டுமே என்று திகைப்பவர்களும் உண்டு. மீட்டர் காட்டியது செம்புக் கம்பியின் தடையை மட்டும். ஓடும் மோட்டாரில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது காந்தப் புலத்தால் சுருளுக்குள் எழும் எதிர் மின்னழுத்தம். மோட்டார் சிக்கிக்கொண்டு சுற்றாமல் உறுமும்போது அந்த எதிர்ப்பு வெகுவாகக் குறைந்து ஆம்பியர் பல மடங்கு ஏறும்; சில விநாடிக்குள் அணைக்காவிட்டால் சுருள் கருகும். தண்ணீர் இல்லாமல் பம்பு வெறுமனே சுற்றினால் ஆம்பியர் குறையும். வோல்ட் குறைந்தால் இதே மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், ஹீட்டருக்கு நேர் எதிர்.

எல்இடி பல்ப், சார்ஜர்: ஓம் கணக்கு எதற்கும் ஒத்துவரவில்லை

ஒத்துவராது. உள்ளே இருப்பது எலக்ட்ரானிக் சுற்று, மாறாத தடை அல்ல. மல்டிமீட்டரால் அதன் ஓமை அளப்பதில் பயனில்லை. 9 வாட் எல்இடி பல்புக்கு 39 மில்லி ஆம்பியர் எதிர்பார்த்து, பத்து சுற்று சுற்றி அளந்தால் 70 வரலாம். பவர் ஃபேக்டர் 0.55 அளவில் இருக்கும் மலிவு பல்ப். வீட்டு மீட்டர் பதிவு செய்வது 9 வாட்டைத்தான், பில் கூடாது. நல்ல சார்ஜர், டிவி போன்றவற்றில் வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும், தனக்கு வேண்டிய வாட்டை எப்படியாவது எடுத்துக்கொள்ளும்.

இன்வெர்ட்டர் பேட்டரியின் டெர்மினல் சுடுகிறது, தடை அளந்தால் பூஜ்யம்

12 வோல்ட் பக்கம் எல்லாமே ஆம்பியர்தான். 600 வாட் லோடுக்கு, இன்வெர்ட்டரின் செயல்திறன் 85 சதவீதம் என்றால் பேட்டரியிலிருந்து 59 ஆம்பியர் வருகிறது. டெர்மினலில் 0.01 ஓம் இருந்தால் போதும், 59 × 59 × 0.01 = 35 வாட் சூடு. சாதாரண மல்டிமீட்டரால் 0.01 ஓமை அளக்கவே முடியாது. அதன் ப்ரோப் ஒயரே அதைப் போல இருபது முப்பது மடங்கு. அதனால் ஓம் ரேஞ்சை விட்டுவிட்டு வோல்ட்டுக்கு வாருங்கள்.

மின்சாரம் வெட்டி, லோடு ஓடும்போது, மீட்டரை டி.சி. மில்லி வோல்ட்டில் வைத்து, ஒரு ப்ரோப்பைப் பேட்டரியின் ஈயத் தூணின் தலையிலும் மற்றதை ஒயர் முனையில் உள்ள லக்கிலும் அழுத்துங்கள். இரண்டும் ஒரே டெர்மினலில். எதிர் டெர்மினல் பக்கம் கை போகக் கூடாது, மோதிரமும் காப்பும் கழற்றியிருக்க வேண்டும். 590 மில்லி வோல்ட் வந்தால் 0.59 ÷ 59, அதே 0.01 ஓம்தான். லோடை நிறுத்தி, இன்வெர்ட்டரை அணைத்து, நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை வெந்நீர் விட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, நெகட்டிவைக் கடைசியாக மாட்டி இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாஸ்லின். அப்புறம் அதே லோடில் மறுபடி அளந்தால் 20 மில்லி வோல்ட்டுக்குள் வர வேண்டும், அதாவது ஒரு வாட் சொச்சம். வரவில்லை என்றால் லக்குக்குள் ஒயர் கிரிம்ப் செய்த இடம் தளர்ந்திருக்கிறது. ப்ரோப்பை லக்கிலிருந்து செம்புக்கு நகர்த்தி அந்த இடத்தைத் தனியாக அளந்து பாருங்கள்.